சொல் சென்று சேரும் வழி

நுழையும்முன்

மக்களாட்சியில் ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஓயாது பேசிக்கொண்டே இருக்கின்றனர். அரசு அறிவிக்கிறது, கட்சிகள் வாதிடுகின்றன, இதழ்கள் எழுதுகின்றன, மக்கள் கேட்கின்றனர், வினவுகின்றனர், வாக்களிக்கின்றனர். இந்தப் பேச்சு எவ்வாறு நிகழ்கிறது, எங்கே அறுந்துபோகிறது, அறுந்ததை எவ்வாறு இணைப்பது என்பவற்றை ஆராயும் துறை அரசியல் தொடர்பியல். திருப்பூர்ப் பகுதியில் நிகழ்ந்த உண்மை நிகழ்வு ஒன்றன் வழியாக அத்துறையையும், அதைக் கற்போர்க்கு உரிய பணிகளையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

அருள்புரத்தில் ஒரு வாரம்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது அருள்புரம். பின்னலாடை நிறுவனங்களும், சாயப்பட்டறைகளும், அவற்றின் கழிவுநீரைத் தூய்மை செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் கொண்ட தொழிற்பகுதி அது. 'பனியன் கம்பெனி' என்று மக்கள் வழங்கும் அந்நிறுவனங்களில் துணி வெட்டுவோர், தைப்போர், பிசிறு நீக்குவோர், தேய்ப்போர், பெட்டியில் அடுக்குவோர் எனப் பலர் பணிபுரிகின்றனர். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியோர் அவர்களுள் உண்டு. பீகார், சார்க்கண்ட், ஒடிசா, உத்தரப்பிரதேசம், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் உண்டு. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு திருப்பூருக்கு உரியது. அந்தப் பங்கில் இவர்கள் அனைவரின் உழைப்பும் அடங்கியிருக்கிறது.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் இப்பகுதியைத் திடீரென்று அச்சம் சூழ்ந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்னும் செய்தியைத் தாங்கிய காணொலிகள் சமூக ஊடகங்களிலும் வாட்ஸ்அப் என்னும் புலனக் குழுக்களிலும் பரவின. நெடுந்தொலைவில் இருந்த பெற்றோர் நடுங்கினர். 'உடனே திரும்பி வந்துவிடு' என்று தொலைபேசியில் மன்றாடினர். ஹோலிப் பண்டிகை நெருங்கிய காலம் அது. பண்டிகைக்காக ஊருக்குச் செல்வோரும் அச்சத்தால் செல்வோரும் தொடர்வண்டி நிலையங்களில் ஒன்றாகக் கூடினர். அந்தக் கூட்டமே வதந்திக்குச் சான்றாகவும் காட்டப்பட்டது. பீகார் சட்டமன்றத்திலும் இச்செய்தி எழுப்பப்பட்டது.

உண்மை வேறாக இருந்தது. பரவிய காணொலிகளில் இரண்டைக் குறித்துத் தமிழ்நாட்டின் அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திரபாபு விளக்கம் அளித்தார். ஒன்று, பீகாரைச் சேர்ந்த தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கு இடையே முன்பு நிகழ்ந்த மோதல். மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்வாசிகள் இருவருக்கு இடையே நிகழ்ந்த மோதல். இரண்டிலும் தமிழ்நாட்டு மக்களுக்கும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கும் இடையே மோதல் எதுவும் நிகழவில்லை. வேறு சில காணொலிகள் வேறு மாநிலங்களில் நடந்த குற்றங்களைக் காட்டுபவை எனச் செய்தி சரிபார்ப்போர் கண்டறிந்தனர்.

உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. இந்தியிலும் விளக்கங்கள் வெளியிடப்பட்டன. காவல்துறையினரும் அலுவலர்களும் தொழில் அமைப்பினரும் தொழிலாளர்களை நேரில் சந்தித்தனர். இரு மாநில முதலமைச்சர்களும் உரையாடினர். பீகார் அரசு அனுப்பிய அலுவலர் குழு திருப்பூர் உள்ளிட்ட ஊர்களுக்கு வந்து, தொழிலாளர்களிடம் நேரில் கேட்டறிந்தது. பொய்ச்செய்தி பரப்பியோர்மீது வழக்குகள் பதிவாயின. அச்சம் படிப்படியாகத் தணிந்தது. ஊருக்குச் சென்றோர் பலர் பண்டிகைக்குப் பின்னர் மீண்டும் பணிக்குத் திரும்பினர்.

இந்நிகழ்வில் அரசின் ஆணைகளும் வழக்குகளும் மட்டும் பயன்பட்டிருந்தால் அச்சம் நீங்கியிராது. உரிய நேரத்தில், உரியவர் வாயிலாக, கேட்போர் அறிந்த மொழியில் உண்மை சொல்லப்பட வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய அறிவும் பயிற்சியும் அரசியல் தொடர்பியலின் அடிப்படைகள் ஆகும்.

வதந்தியின் கணக்கு

வதந்தி ஏன் பரவுகிறது? கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர்கள் 1947ஆம் ஆண்டு வெளியிட்ட 'வதந்தியின் உளவியல்' என்னும் நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். ஒரு செய்தி கேட்போர்க்கு எவ்வளவு முதன்மையானது என்பது ஒன்று. அதைப்பற்றிய தெளிவின்மை எவ்வளவு என்பது மற்றொன்று. இவ்விரண்டின் பெருக்கற்பலனே வதந்தியின் வலிமை என்பது அவர்களது கருத்து. பெருக்கலில் ஓர் எண் சுழியமானால் விடையும் சுழியம் ஆவதுபோல, முதன்மை இல்லாத செய்தியும் ஐயத்துக்கு இடமில்லாத செய்தியும் வதந்தி ஆவதில்லை.

இக்கணக்கைத் திருப்பூர் நிகழ்வோடு பொருத்திப் பார்க்கலாம். மகனின் உயிர் ஒரு தாய்க்கு முதன்மையானது. அந்த எண்ணை எவராலும் குறைக்க இயலாது. தெளிவின்மையையோ குறைக்க இயலும். எனினும் அது அன்று மிகுதியாக இருந்தது. நிகழ்விடம் நெடுந்தொலைவில் இருந்தது. அதன் மொழி தெரியாது. அங்குள்ள காவல்நிலையமோ நாளிதழோ பழக்கமில்லாதவை. காணொலியோ தாம் அறிந்த இந்தியில், தம் உறவினர் அனுப்பியதாக வந்து சேர்ந்தது. ஆகவே தமிழில் மட்டும் மறுப்பு வெளியிட்டிருந்தால் தெளிவின்மை சிறிதும் குறைந்திராது. மொழியறிவும், கேட்போரின் நம்பிக்கைக்கு உரியவர் யார் என்னும் அறிவும் இங்கு உயிர்காக்கும் அறிவாயின.

துறையின் அடிப்படை வினாக்கள்

அரசு, கட்சிகள், ஊடகங்கள், மக்கள் ஆகியோரிடையே பொதுவாழ்வு தொடர்பாக நிகழும் செய்திப் பரிமாற்றத்தை ஆராய்வது அரசியல் தொடர்பியல். தேர்தல் மேடைப்பேச்சு, சுவரொட்டி, தொலைக்காட்சி விவாதம், சட்டமன்ற உரை, அரசாணை, கிராமசபைத் தீர்மானம், புலனத்தில் வரும் குரல்பதிவு ஆகிய அனைத்தும் அதன் ஆய்வுப் பொருள்களே.

அமெரிக்க அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல் 1948ஆம் ஆண்டில் தொடர்பியலுக்கு ஐந்து வினாக்களை வகுத்தார். யார் சொல்கிறார்? எதைச் சொல்கிறார்? எந்த ஊடகத்தின் வழியாகச் சொல்கிறார்? யாரிடம் சொல்கிறார்? என்ன விளைவு ஏற்படுகிறது? எளிய வினாக்கள்தாம். எனினும் ஓர் அரசு அறிவிப்பையோ ஒரு தேர்தல் விளம்பரத்தையோ இவ்வைந்தையும் கொண்டு ஆராய்ந்தால், அது வெற்றி பெற்றதற்கோ தோல்வியுற்றதற்கோ உரிய காரணம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

1940ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது பால் லாசர்ஸ்பெல்டு என்பவரும் அவர்தம் குழுவினரும் ஒகையோ மாநிலத்து ஈரி மாவட்ட வாக்காளர்களிடம் தொடர்ந்து நேர்காணல் செய்தனர். வானொலியும் நாளிதழும் வாக்காளரின் முடிவை நேரடியாக மாற்றும் என எதிர்பார்க்கப்பட்ட காலம் அது. ஆய்வின் முடிவோ வேறாக இருந்தது. செய்தி முதலில் ஊரில் மதிப்புப் பெற்ற சிலரை அடைகிறது. அவர்கள் வாயிலாகவே ஏனையோரைச் சென்றடைகிறது. இதனை 'இருபடி ஓட்டம்' என்பர். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடையில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, மற்றவர்கள் அவரது விளக்கத்தையும் சேர்த்துக் கேட்ட காட்சியை அறிந்தவர்களுக்கு இக்கருத்து புதிதன்று. அருள்புரம் போன்ற தொழிற்பகுதியில் மேற்பார்வையாளரும், உணவுவிடுதி நடத்துபவரும், ஊரிலிருந்து முதலில் வந்து பிறரை அழைத்துவந்த மூத்த தொழிலாளியும் அந்த இடத்தில் இருக்கின்றனர். அவர்களைத் தவிர்த்துவிட்டு எந்தச் செய்தியும் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் எளிதில் நுழைவதில்லை.

ஒரே நிகழ்வை எந்தக் கோணத்தில் நிறுத்திக் காட்டுகிறோம் என்பதும் இத்துறையின் முதன்மையான வினா. இதனைச் 'சட்டகம்' என்பர். இதற்கும் திருப்பூரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சாயக்கழிவுநீரால் நொய்யலாறு மாசுற்றது. ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கியது. ஆற்றை நம்பிய உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் ஆணையிட்டது. அந்த ஆணை ஒன்றுதான். 'ஆறு காக்கப்பட்டது' என எழுதினால் ஒரு சட்டகம். 'தொழிலாளர் வேலையிழந்தனர்' என எழுதினால் மற்றொரு சட்டகம். இரண்டும் பொய்யல்ல, ஒன்றை மட்டும் படித்தவருக்கு மற்றது தெரியாது. உழவரின் குரலையும் தொழிலாளியின் குரலையும் ஒரே பக்கத்தில் வைத்து, தூய்மைசெய்யும் தொழில்நுட்பத்தையும் அதன் செலவையும் விளக்கும் செய்தியாளரே வாசகர் தாமே முடிவெடுக்க வழிசெய்கிறார்.

தமிழ் மண்ணில் அரசியல் தொடர்பு

இத்துறையின் பெயர் புதியது. அதன் பொருள் தமிழுக்குப் பழையது. திருக்குறளின் பொருட்பாலில் சொல்வன்மை, தூது, அவையறிதல், அவையஞ்சாமை ஆகியன தனித்தனி அதிகாரங்களாக அமைந்துள்ளன. சொல்லும் திறத்தையும், கேட்கும் அவையின் இயல்பையும், வேற்றரசனிடம் செய்தி கொண்டுசெல்வோனின் தகுதியையும் வள்ளுவர் அரசியலின் உறுப்புகளாகக் கருதியதை இது காட்டுகிறது. அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு தருகிறது. மணிமேகலையின் முதற்காதையாகிய விழாவறை காதை, முரசறைந்து ஊருக்குச் செய்தி அறிவிக்கப்பட்ட முறையைச் சொல்கிறது.

அச்சு ஊடகம் வந்தபின் அரசியல் பேச்சு நாடெங்கும் பரவத் தொடங்கியது. 'தி இந்து' நாளிதழைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1882ஆம் ஆண்டு 'சுதேசமித்திரன்' இதழைத் தொடங்கினார். ஆங்கிலம் அறியாத பெரும்பான்மையோரை நாட்டுநடப்பு சென்றடைய வேண்டுமெனில் அது தமிழில் அமைய வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பாரதியார் 'இந்தியா' இதழில் கருத்துப்படங்களை வெளியிட்டு, எழுத்தறியாதவரும் அரசியலைக் கண்டறிய வழிவகுத்தார்.

1908ஆம் ஆண்டு தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பொதுக்கூட்டங்களில் ஆற்றிய தமிழ்ப் பேச்சுகள் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்களைப் பெரிதும் ஈர்த்தன. அவ்வாலையின் வேலைநிறுத்தம் தமிழ்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. ஆங்கில அரசு அப்பேச்சுகளைக் காவலர்களைக் கொண்டு குறிப்பெடுக்கச் செய்து, அவற்றையே அரசநிந்தனை வழக்கில் சான்றுகளாக்கியது. வலிமை வாய்ந்த ஓர் அரசு பொதுமக்கள் அறிந்த மொழியில் பேசப்பட்ட சொல்லுக்கு எவ்வளவு அஞ்சியது என்பதற்கு அவ்வழக்கே சான்று.

1925ஆம் ஆண்டு ஈரோட்டிலிருந்து 'குடிஅரசு' இதழைப் பெரியார் தொடங்கினார். 1942ஆம் ஆண்டு மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி', சிறுசிறு தொடர்களாலும் எளிய சொற்களாலும் புதிதாக எழுத்தறிந்த மக்களை நாளிதழ் வாசகராக்கியது. நாடகமும் திரைப்படமும் விடுதலை இயக்கத்திற்கும் பின்வந்த இயக்கங்களுக்கும் செய்தி சுமந்தன. நாட்டு விடுதலை இயக்கத்தில் நாடக, திரைப்பட, இசைக் கலைஞர்கள் ஆற்றிய பங்கை ஆராய்ந்து சு. தியடோர் பாஸ்கரன் 1981ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் நூல் எழுதினார். மதுரையில் களஆய்வு செய்து தமிழ் மேடைப்பேச்சின் அழகியலை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலறிஞர் பெர்னார்டு பேட் 2009ஆம் ஆண்டு நூல் வெளியிட்டார். நாம் அன்றாடம் கேட்டுக் கடந்துபோகும் மேடைப்பேச்சு உலக ஆய்வுலகிற்கு உரிய பொருளாகியிருப்பதை இவை உணர்த்துகின்றன.

தெரியுமா?

வாக்குச்சீட்டும் ஒரு செய்தியாகலாம். 1996ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் வேட்பாளர்களாக நின்றனர். உழவர்களின் குறைகளின்பால் அரசின் கவனத்தை ஈர்க்கவே அவர்களுள் பெரும்பாலோர் களமிறங்கினர். அதனால் வாக்குச்சீட்டு ஒரு சிறுநூல் அளவுக்கு அச்சிடப்பட்டது. அதே ஆண்டில் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, வேட்பாளர் செலுத்த வேண்டிய வைப்புத்தொகை உயர்த்தப்பட்டது.

எங்கே, எதைக் கற்பது?

அரசியல் தொடர்பியலைத் தனிப்பட்டமாகக் கற்பிக்கும் நிறுவனங்கள் வெளிநாடுகளில் உள்ளன. லண்டன் பொருளியல் பள்ளியில் அரசியலையும் தொடர்பியலையும் இணைத்துக் கற்பிக்கும் முதுநிலைப் படிப்பு உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் இதழியல், மக்கள்தொடர்பியல், அரசியல் அறிவியல் ஆகிய படிப்புகளின் வழியாகவே மாணவர்கள் இத்துறைக்குள் நுழைகின்றனர். மேல்நிலை வகுப்பில் எந்தப் பாடப்பிரிவைக் கற்றவர்களும் இதழியல், அரசியல் அறிவியல் இளநிலைப் படிப்புகளில் சேரலாம் என்பது இத்துறையின் நன்மைகளுள் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகமும், திருப்பூருக்கு அண்மையில் கோயம்புத்தூரில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகமும் ஊடகவியல் சார்ந்த துறைகளைக் கொண்டுள்ளன. 1965ஆம் ஆண்டு புதுதில்லியில் தொடங்கப்பட்ட இந்திய மக்கள்தொடர்பு நிறுவனம் இத்துறைக் கல்வியில் நாடறிந்தது.

எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் நான்கு அறிவுகளை வளர்த்துக்கொள்ளுதல் வேண்டும். முதலாவது, அரசு இயங்கும் முறை பற்றிய அறிவு. ஊராட்சிக்கு உரிய அதிகாரம் எது, மாநில அரசுக்கு உரியது எது என்று அறியாதவர், குடிநீர் வராத தெருவினரின் குறையை எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்றே அறியமாட்டார். இரண்டாவது, புள்ளியியல் அறிவு. ஒரு கருத்துக்கணிப்பில் எத்தனை பேரிடம், எவ்வாறு தேர்ந்தெடுத்துக் கேட்டனர் என வினவத் தெரிந்தவரை வெறும் விழுக்காடுகளால் மயக்க இயலாது. மூன்றாவது, சட்ட அறிவு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தேர்தல் நடத்தை விதிகள், அவதூறு பற்றிய சட்டம், 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றை அறியாமல் இத்துறையில் பணியாற்ற இயலாது. நான்காவது, மொழியறிவு. தாய்மொழியில் பிழையின்றி, சுருக்கமாக, ஐயத்திற்கு இடமின்றி எழுதும் ஆற்றலே ஏனைய மூன்று அறிவுகளுக்கும் வடிவம் தருகிறது. அதனுடன் இன்னொரு மொழியையும் கற்றவர் இரு சமூகங்களுக்கு இடையே நின்று உரையாட வல்லவராகிறார்.

பணி வாய்ப்புகள்

அரசின் சார்பில் மக்களிடம் பேசும் பணி முதலில் நினைவுக்கு வருவது. மாநில அரசின் செய்தி மக்கள்தொடர்புத் துறை ஒவ்வொரு மாவட்டத்திலும் மக்கள்தொடர்பு அலுவலரைக் கொண்டு இயங்குகிறது. நடுவணரசில் இந்தியத் தகவல் பணியின் முதல்தொகுதி அலுவலர்கள் குடிமைப்பணித் தேர்வு வாயிலாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பத்திரிகைத் தகவல் அலுவலகம் முதலிய அமைப்புகளில் பணியாற்றுகின்றனர். வெள்ளம், தொற்றுநோய், வதந்தி ஆகிய இடர்க்காலங்களில் இவர்களது ஒரு மணிநேரத் தாமதமும் பெரிய விளைவை உண்டாக்கும்.

செய்தித்துறையில் அரசியல் செய்தியாளர், தரவுச் செய்தியாளர், துணையாசிரியர் எனப் பல பணிகள் உள்ளன. அண்மையில் வளர்ந்துள்ளது செய்தி சரிபார்ப்புப் பணி. ஒரு காணொலியைப் பல நிலைப்படங்களாகப் பிரித்து, அவற்றை இணையத்தில் தேடி, அது முதலில் எப்போது, எங்கே வெளியிடப்பட்டது எனக் கண்டறிவர். காணொலியில் தெரியும் கடைப்பலகை, வண்டியெண், பேசப்படும் மொழி ஆகியவற்றைக் கொண்டு இடத்தை உறுதிசெய்வர். பின்னர் அப்பகுதிக் காவல்நிலையத்தையும் செய்தியாளர்களையும் தொடர்புகொள்வர். 2023 மார்ச் மாதம் பரவிய பொய்க் காணொலிகளை வெளிப்படுத்தியமைக்காக 'ஆல்ட் நியூஸ்' இணையதளத்தின் முகமது சுபைருக்கு, 2024ஆம் ஆண்டு குடியரசு நாளன்று தமிழ்நாடு அரசு கோட்டை அமீர் மத நல்லிணக்க விருதை வழங்கியது.

தேர்தல் களத்திலும் பணிகள் பல. கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் உரை எழுதுவோர், தேர்தல் அறிக்கைக்குத் தரவு திரட்டுவோர், சமூக ஊடகப் பக்கங்களை நடத்துவோர், களஆய்வு செய்வோர் தேவைப்படுகின்றனர். தேர்தல் ஆணையமும் தொடர்பியல் பணியில் ஈடுபடுகிறது. வாக்காளர் விழிப்புணர்வுக்கென 2009ஆம் ஆண்டு முதல் தனித்திட்டம் நடத்துகிறது. தொலைக்காட்சியில் வெளியிடப்படும் அரசியல் விளம்பரங்களை முன்கூட்டியே ஆராய்ந்து சான்றளிக்கக் குழுக்களை அமைக்கிறது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணிநேரத்தில் பரப்புரைக்குத் தடை உண்டு. இவ்விதிகள் பின்பற்றப்படுகின்றனவா எனக் கண்காணிப்பதும் ஒரு பணியே.

ஆய்வில் நாட்டமுடையோர்க்கு வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் 'லோக்நீதி' போன்ற அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பி.ஆர்.எஸ். சட்டமியற்றல் ஆய்வு நிறுவனம், நாடாளுமன்ற உறுப்பினர்க்கு உதவியாக இளைஞர்களை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பணியமர்த்தும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. இவையன்றித் தொழிற்சங்கங்கள், நுகர்வோர் அமைப்புகள், உழவர் அமைப்புகள், தன்னார்வ நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் தம் கோரிக்கையைத் தெளிவாக எழுதவும் பேசவும் வல்லோர் தேவை. ஊதியம் குறைவாயினும், குரலற்றோர்க்குக் குரலாகும் நிறைவு இப்பணிகளில் கிடைக்கும்.

சொல்லின் பொறுப்பு

அச்சத்தைத் தணிக்கும் அதே திறன் அச்சத்தை விளைவிக்கவும் வல்லது. 1994ஆம் ஆண்டு ருவாண்டா நாட்டில் இனப்படுகொலை நிகழ்ந்தபோது, ஒரு வானொலி நிலையம் வெறுப்பைப் பரப்பி அதனைத் தூண்டியது. அந்நிலையத்தை நடத்தியோரைப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003ஆம் ஆண்டு குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. முகநூல் பயனர்களில் ஏறத்தாழ எட்டரைக் கோடிப் பேருக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒரு தேர்தல் ஆலோசனை நிறுவனம் அவர்கள் அறியாமலே பெற்றிருந்த செய்தி 2018ஆம் ஆண்டு உலகை அதிரச் செய்தது. தொடர்பியல் கற்றவர்களே இத்தகைய செயல்களிலும் ஈடுபட முடியும் என்பதை மறைக்க இயலாது.

பொய்யைத் தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதும் எளிய வினா அன்று. அரசைப் பற்றிய செய்திகளுள் எவை பொய்யானவை என அரசின் அமைப்பே முடிவுசெய்வதற்கு வழிவகுத்த நடுவணரசின் விதியை மும்பை உயர்நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு செல்லாது என அறிவித்தது. வதந்தியைத் தடுக்காவிட்டால் உயிர்களுக்கு இடர். தடுக்கும் அதிகாரம் அளவிறந்தால் கருத்துரிமைக்கு இடர். இவ்விரண்டுக்கும் இடையே வரம்பு வகுப்பது இத்துறையைக் கற்போர்முன் உள்ள கடினமான பணி.

மற்றொரு வினாவும் உண்டு. அரசியல் பேச்சில் பெரும்பகுதி வாக்காளர்களை நோக்கியது. தேர்தல் நெருங்கினால் ஒவ்வொரு தெருவுக்கும் பரப்புரை ஊர்தி வருகிறது. திருப்பூரில் பல ஆண்டுகள் உழைக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் பலருக்கோ வாக்குரிமை அவர்தம் சொந்த ஊரில் இருக்கிறது. உழைக்கும் ஊரில் வாக்கில்லை. வாக்குள்ள ஊரில் அவர்கள் இல்லை. புலம்பெயர்ந்தோர் தாம் இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்க உதவும் கருவியைப் பார்வையிடத் தேர்தல் ஆணையம் 2023 சனவரியில் கட்சிகளை அழைத்தது. பல கட்சிகள் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தன. இரண்டே மாதங்களில் அதே மக்களைப் பொய்ச்செய்தி ஆட்கொண்டது. அவர்களோடு இயல்பான நாள்களில் பேசிப் பழகிய வழிகள் குறைவாக இருந்தமையால், இடர் வந்த நாளில் அவ்வழிகளை விரைந்து உருவாக்க வேண்டியதாயிற்று. நல்ல சொல் செல்லாத இடத்தில் பொய் குடிபுகுகிறது. தமக்கு வாக்களிக்க இயலாதவர்களோடும் ஓர் அரசு எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது, அவர்கள் பேசும்போது எவ்வளவு கவனமாகக் கேட்கிறது என்பதைக் கொண்டே அதன் தொடர்பியலை அளக்க வேண்டும்.

நிறைவாக

திருப்பூர்ப் பகுதியின் கடைப்பலகைகள் சிலவற்றில் இன்று தமிழெழுத்துகளோடு இந்தி எழுத்துகளையும் காணலாம். தம்மிடம் வருவோரின் மொழியை வணிகர்கள் பிறரினும் முன்னரே கற்றுக்கொண்டனர். வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கற்கின்றனர். வீட்டில் போச்புரியும் ஒடியாவும் பேசி, வகுப்பில் தமிழ் எழுதும் அவர்களுள் சிலர் இந்தப் பாடத்தையும் படித்துக்கொண்டிருக்கக்கூடும். அருள்புரத்துக்கும் பீகாரின் ஒரு சிற்றூருக்கும் இடையே அடுத்தமுறை ஒரு பொய் ஓடத் தொடங்கும்போது, இரு ஊர்களிலும் நம்பப்படும் குரல் அவர்களுடையதாக இருக்கலாம். அவர்களோடு ஒரே இருக்கையில் அமர்ந்து பயிலும் தமிழ் மாணவரும் அப்பணிக்குத் தகுதியுடையவரே. அதற்கான கல்வி, அருகிலிருப்பவர் சொல்வதைச் செவிமடுப்பதில் தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் அண்மையில் பரவிய வதந்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் முதன்மை, தெளிவின்மை ஆகிய இரண்டையும் ஆராய்ந்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. ஒரே நிகழ்வைப் பற்றி இரு நாளிதழ்களில் வெளிவந்த செய்திகளை ஒப்பிட்டு, அவற்றின் சட்டகங்கள் வேறுபடுமாற்றைக் குறிப்பிடுக.
3. உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சியின் அறிவிப்பு ஒன்றனை, தமிழை அண்மையில் கற்ற ஒருவருக்கும் விளங்குமாறு எளிய தமிழில் பத்து வரிகளில் மாற்றி எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. லாஸ்வெல் வகுத்த ஐந்து வினாக்களை எழுதுக.
2. 'இருபடி ஓட்டம்' என்பது யாது?

சிறுவினா
1. செய்தி சரிபார்ப்போர் ஒரு காணொலியின் உண்மையைக் கண்டறியும் முறையை விளக்குக.
2. ஒரே நீதிமன்ற ஆணை இருவேறு சட்டகங்களில் அமையுமாற்றை நொய்யலாற்றுச் செய்தியைக் கொண்டு தெளிவுபடுத்துக.

நெடுவினா
1. 'வாக்கில்லாதவரோடு பேசுவதே அரசியல் தொடர்பியலின் உரைகல்' – இக்கருத்தைத் திருப்பூர் நிகழ்வின் துணைகொண்டு ஆராய்ந்து எழுதுக.